கற்பிட்டிக் கடலில் அரைநாள்: முத்துக்குளிப்பிலிருந்து ஓங்கிற் காட்சி வரை

வடகீழ்ப் பருவக்காற்று வீசும் நவம்பர் தொடக்கம் ஏப்பிரல் வரையுள்ள மாதங்களில் இலங்கையின் மேற்குக் கரைக் கடல் பெரிதும் அமைதியுற்றிருக்கும். அம்மாதங்களின் அதிகாலை வேளைகளிலே கற்பிட்டிக் குடாநாட்டின் கரையிலிருந்து, வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகுகள் உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஆழ்கடலை நோக்கிப் புறப்படுகின்றன. டொல்பின் எனப் பலராலும், ஓங்கில் எனத் தமிழ் மீனவராலும் அழைக்கப்படும் கடல்வாழ் பாலூட்டிகளின் கூட்டத்தைக் காண்பது பயணத்தின் முதல் நோக்கம். அவற்றின் அருகே நீரில் இறங்கி நீந்த விழைவோரும் உளர். பின்னர் முருகைக் கற்பாறைத் திட்டின்மேற் படகு நிறுத்தப்படும். பயணிகள் முகக்கண்ணாடியும் சுவாசக் குழாயும் அணிந்து, நீர்மட்டத்தில் மிதந்தவாறு அடியிலுள்ள மீன்களையும் முருகைகளையும் கண்டு களிப்பர். நண்பகலில் காற்று வலுக்குமுன் படகு கரை சேர்ந்துவிடும்.

முதல் நோக்கில் இது வரலாற்றுக்குரிய பொருளன்று எனத் தோன்றலாம். அரசுகளின் எழுச்சி வீழ்ச்சிகளையும் போர்களையும் உடன்படிக்கைகளையும் கற்றுப் பழகிய நமக்கு, விடுமுறைப் பொழுதுபோக்கொன்று ஆய்வுப் பொருளாகப் படுவதில்லை. ஆயின், ஒரு சமூகம் தன் கடலிலிருந்து எதைப் பெற்றது, எவருடைய உழைப்பாற் பெற்றது, பெற்றதன் பயன் எவரைச் சென்றடைந்தது என்னும் வினாக்களை எழுப்புவோமாயின், இவ்வரைநாட் பயணம் நீண்டதொரு சங்கிலியின் இறுதிக் கண்ணியாகவே தென்படும். மன்னார்க் குடாக் கடலின் அடித்தளத்தை நோக்கி மனிதர் இறங்குவது புதிதன்று. இறங்கியவர் எதனையும் எடுக்காது மேலெழுவதே புதிது. அங்ஙனம் மேலெழுதல் உண்மையிலேயே எதனையும் எடுக்காமைதானா என்பதே இக்கட்டுரை ஆராய முற்படும் வினாவாகும்.

கற்பிட்டி, ஒருபுறம் புத்தளம் கடனீரேரியையும் மறுபுறம் மன்னார்க் குடாவின் தென் பகுதியையும் எல்லையாகக் கொண்ட ஒடுங்கிய நிலப்பரப்பு. இதன் அமைவிடமே இதன் வரலாற்றை நிர்ணயித்தது எனலாம். 1344 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த மொறொக்கோ நாட்டு யாத்திரிகரான இப்னு பதூதா, இன்றைய புத்தளம் எனப் பல அறிஞரும் கொள்ளும் துறையில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். மன்னனின் முன்னிலையில் முத்துக்கள் தரம் பிரிக்கப்பட்டதை அவரது பயணக் குறிப்பு கூறுகின்றது. பின்னர் இக்கரை போர்த்துக்கேயர் வசமாயிற்று. அவர்களை அகற்றிய ஒல்லாந்தர் 1667 க்கும் 1676 க்கும் இடைப்பட்ட காலத்தில் கற்பிட்டிக் கோட்டையைக் கட்டினர். கண்டி இராச்சியத்தின் வணிகம் புத்தளம் வழியாகக் கடலை எட்டுவதைக் கட்டுப்படுத்துவது அக்கோட்டையின் தலையாய பயன்களுள் ஒன்றாயிருந்தது. 1795 இல் அது பிரித்தானியர் கைக்கு மாறியது. ஆட்சிகள் மாறினும் கடலை நோக்கிய ஆட்சியாளரின் கண்ணோட்டம் மாறவில்லை. அவர்களுக்குக் கடல் என்பது வருமானம். அவ்வருமானத்தின் உச்சம் முத்து.

முத்துச் சிப்பிகள் வளரும் கடலடித் திட்டுகளைத் தமிழர் 'பார்' என வழங்கினர். ஆங்கில ஆட்சியாளரின் ஆவணங்களும் அச்சொல்லையே ஏற்றுக்கொண்டன. பெரும் பார்கள் கற்பிட்டிக்கு வடக்கே, அரிப்பு, சிலாபத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய ஊர்களுக்கு எதிரேயுள்ள கடலில் அமைந்திருந்தன. முத்துக்குளிப்பு அறிவிக்கப்பட்டதும், மனித சஞ்சாரம் குறைந்த அக்கரையில் சில வாரங்களுக்குள் ஒரு நகரமே எழுந்துவிடும். தூத்துக்குடி, கீழக்கரை முதலாய தென்னிந்தியத் துறைகளிலிருந்து பரவரும் முஸ்லிம்களும், பாரசீகக் குடாப் பகுதியிலிருந்து அராபியரும் குளிகாரராக வந்தனர். தேசாதிபதி பிறெடெரிக் நோர்த் இப்பருவத்தில் தங்குவதற்கென அரிப்பிலே மாளிகையொன்றைக் கட்டுவித்தார். அதன் இடிபாடுகள் இன்றும் கடற்கரையில் நிற்கின்றன.

இங்கு நமது கவனத்துக்குரியது அக்குளிகாரரின் நாளொழுங்கு ஆகும். படகுகள் நள்ளிரவை அண்டிக் கரைக்காற்றின் துணையுடன் புறப்பட்டுச் சூரிய உதயத்தின்போது பாரை அடையும். உதயம் தொட்டு நண்பகல் வரை குளிப்பு நடைபெறும். நண்பகலில் அடையாளம் காட்டப்பட்டதும், எதிர்த்திசையில் எழும் கடற்காற்றைப் பாயில் ஏற்றுக் கரை திரும்புவர். ஆகவே முத்துக்குளிப்பும் ஓர் அரைநாட் பயணமே. இன்றைய உல்லாசப் படகு காலையிற் சென்று நண்பகலுக்குமுன் மீள்வதற்கும், அன்றைய முத்துப் படகு அவ்வாறு மீண்டதற்கும் காரணம் ஒன்றே, அது காற்று. பாய் போய் இயந்திரம் வந்த பின்னரும், இக்கடலின் காலக்கணக்கைக் காற்றே வகுத்து வருகின்றது.

எனினும் அவ்வரைநாளின் உள்ளடக்கம் முற்றிலும் வேறானது. படகொன்றிற் பொதுவாகப் பத்துக் குளிகாரரும் ஐந்து கற்களும் இருக்கும். ஒரு கல்லுக்கு இருவர் என்ற கணக்கில் மாறி மாறி இறங்குவர். கல்லின் பாரம் குளிகாரனை ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழத்துக்குக் கொண்டுசெல்லும். ஏறத்தாழ ஒரு நிமிட நேரத்துள் அவன் கைக்கெட்டிய சிப்பிகளைக் கூடையில் வாரியிட்டுக் கயிற்றை அசைப்பான். மேலிருப்போர் இழுத்தெடுப்பர். சுறா மீனின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட மந்திரவாதி 'கடல்கட்டி' எனப்பட்டான். அவனை அரசாங்கமே அமர்த்தியிருந்தது. அம்மந்திரத்தில் ஆங்கில அதிகாரிக்கு நம்பிக்கை இருந்திராது. ஆயின், கடல்கட்டியின்றிக் குளிகாரன் நீரில் இறங்கமாட்டான் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. உழைப்பவனின் அச்சம் கூட வருமானக் கணக்கில் இடம்பெற்றமைக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எடுக்கப்பட்ட சிப்பியில் மூன்றிலொரு பங்கு குளிகாரருக்கும் எஞ்சிய இரு பங்கு அரசாங்கத்துக்கும் உரியதாயிருந்தது.

இவ்விடத்தில் மற்றொன்றும் கருதத்தக்கது. நீரினுள் திறந்த மனிதக் கண் தெளிவாகக் காண்பதில்லை. கண்ணுக்கு முன்னால் காற்று இருந்தாலன்றி உருவம் கூர்மையுறாது. முகக்கண்ணாடி அணியாத நம் குளிகாரன் கடலடியைக் கையாற் கண்டானேயன்றி, அதன் நிறங்களையும் வடிவங்களையும் தெளிவுறக் கண்டிருக்க இயலாது. முருகைப் பாறையால் உடல் கீறுண்டவன் அதன் அழகை அறியான். இன்று அதன் அழகை அறிபவன் அதனைத் தொடுவதில்லை. இரு காலங்களுக்கிடையேயுள்ள சமூக இடைவெளியை இதனினும் தெளிவாகக் காட்டுவது அரிது.

முத்துக்குளிப்பின் வருமான வரலாறு நமக்கு ஒரு பாடத்தை வைத்திருக்கின்றது. கரையோர மாகாணங்களைக் கைப்பற்றிய பிரித்தானியர் 1796, 1797, 1798 ஆகிய மூன்றாண்டுகளிலும் இடைவிடாது குளிப்பு நடத்தினர். 1798 இல் வருமானம் 192,000 பவுணாக உயர்ந்தது. அதனைத் தொடர்ந்து பார்கள் வறிதாயின. வருமானம் பெரிதும் வீழ்ந்தது. நூறாண்டுகளின் பின்னர் அதே கதை மீண்டும் நிகழ்ந்தது. பார்களின் நிலையை ஆராய 1902 இல் லிவர்பூல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹேர்ட்மன் வரவழைக்கப்பட்டார். 1905 இல் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டு, அரசாங்கத்துக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய் கிடைத்தது. அவ்வெற்றியில் மயங்கிய சூழ்நிலையில், 1906 இல் பார்கள் தனியார் கம்பனியொன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907 இன் குளிப்புக்குப் பின்னர் 1925 வரை குளிப்பென எதுவும் நிகழவில்லை. நீரோட்டம், மணல் மூடல், சிப்பியை உண்ணும் மீன்கள் ஆகிய இயற்கைக் காரணங்களும் இவ்வீழ்ச்சியிற் பங்குகொண்டன என்பது உண்மையே. ஆயினும், இரு வேளைகளிலும் மிகப் பெரிய வருமானம் ஈட்டிய ஆண்டுகள் வீழ்ச்சியின் தலைவாயிலில் நின்ற ஆண்டுகளாகவே இருந்தன என்பது மறக்கத்தக்கதன்று.

முத்து மறைந்த கடலுக்குப் புதிய கண்ணொன்று இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்து சேர்ந்தது. 1930 களில் மத்தியதரைக் கடற்கரைகளில் முகக்கண்ணாடி, சுவாசக் குழாய், துடுப்புக் காலணி ஆகியன பொழுதுபோக்குக் கருவிகளாக வளர்ச்சியுற்றன. 1943 இல் பிரான்சில் ஜாக் கூஸ்தோவும் எமில் காஞானும் காற்றுக் கலத்துடன் நீரடியிற் சுவாசிக்கும் கருவியை உருவாக்கினர். 1956 இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் இக்கருவிகளுடன் இலங்கைக் கடலை ஆராய வந்தனர். கிளார்க் எழுதிய நூல் 1957 இல் வெளியாகி, இத்தீவின் முருகைக் கற்பாறைகளை மேனாட்டு வாசகருக்கு அறிமுகஞ் செய்தது. வில்சன் நெறிப்படுத்திய 'ரன்முத்து தூவ' என்னும் சிங்களத் திரைப்படம் 1962 இல் நீரடிக் காட்சிகளை வண்ணத்திற் காட்டியது. 1966 இல் உல்லாசப் பயணச் சபை சட்டமூலம் நிறுவப்பட்டது. 1979 இல் ஹிக்கடுவையின் முருகைக் கடல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. இருபதாண்டுக் காலத்துள் கடலடி என்பது காட்சிப் பொருளாகவும், காட்சி விற்பனைப் பொருளாகவும், அதனாற் பாதுகாக்கவேண்டிய பொருளாகவும் மாற்றமுற்றது.

ஓங்கிலின் நிலைமாற்றம் இதனினும் வியப்புக்குரியது. ஓங்கிற் கூட்டம் துள்ளுமிடத்தில் அடியிற் பெருமீன் நிற்கக்கூடும் என்பது மீனவரின் பழைய அறிவு. 1950 களின் பிற்பகுதியிலிருந்து இயந்திரப் படகும் நைலோன் வலையும் பரவியபோது இவ்வுறவு மாறியது. ஆழ்கடலில் இரவு முழுதும் மிதக்கவிடப்பட்ட செவுள் வலைகளில் மீனோடு ஓங்கில்களும் சிக்கின. தற்செயலாகச் சிக்கியது நாளடைவிற் சந்தைப் பொருளாயிற்று. இறைச்சியாகவும் தூண்டிலிரையாகவும் பயன்பட்டது. அதற்கெனவே ஈட்டி எறிவோரும் தோன்றினர். 1980 களில் கரையிறக்கத் துறைகளில் நடந்த கணிப்புகள், ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான ஓங்கில்கள் மாண்டதைப் புலப்படுத்தின. அவற்றுட் பெருந்தொகையானவை, இன்று கற்பிட்டியிற் காட்சிப் பொருளாயிருக்கும், பாய்ந்தெழுந்து தன்னைத் தானே சுழற்றி வீழும் இனத்தைச் சேர்ந்தவையே. 1993 இல் வனவிலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் திருத்தப்பட்டு இவை பாதுகாக்கப்பட்ட உயிர்களாயின. ஒரு தலைமுறைக்குள் அதே உயிர் வழிகாட்டியாகவும் இறைச்சியாகவும் காட்சியாகவும் விளங்கியது என்பதை நோக்குமிடத்து, இயற்கை பற்றிய மனித மதிப்பீடுகள் பொருளாதார அடித்தளத்தைச் சார்ந்தே பெரிதும் உருப்பெறுகின்றன என்ற முடிவுக்கு வரவேண்டியுள்ளது.

காட்சிப் பயணம் கற்பிட்டிக்கு உடனே வந்துவிடவில்லை. 1983 இல் மூண்ட போர் வடக்குக் கிழக்குக் கடல்களை மட்டுமன்றி வடமேற்குக் கடலையும் பாதுகாப்புக் கட்டுப்பாடுகளுக்கு உட்படுத்தியது. அக்காலத்தில் இக்கடல் கண்ட பயணங்களுள் மிகத் துயரமானது 1990 ஒக்டோபரில் நிகழ்ந்தது. வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள், மன்னார்த் தீவைச் சேர்ந்த பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். வீட்டையும் வயலையும் விட்டு, எடுத்துவர அனுமதிக்கப்பட்ட சிறு பொருள்களுடன் அவர்கள் வந்திறங்கிய கரையிலிருந்தே இன்று உல்லாசப் படகுகள் புறப்படுகின்றன. தமிழில் இக்கடலின் வரலாற்றை எழுதுபவன் முத்தையும் ஓங்கிலையும் மட்டும் எழுதி, அப்படகுகளை எழுதாது விடுவது முறையாகாது. ஒரு கரைக்கு வரலாறு உண்டு என்பதன் பொருள், அங்கு வந்திறங்கிய அனைவருக்கும் வரலாறு உண்டு என்பதேயாகும்.

2009 இல் போர் முடிவுற்ற பின்னர் கற்பிட்டி விரைவில் மாற்றமுற்றது. கடனீரேரியின் வாயிலில் அமைந்த 14 தீவுகளை உள்ளடக்கிய பெரும் உல்லாசப் பயணத் திட்டம் முன்னெடுக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக வலை உலர்த்திய கரை தமக்கு மறுக்கப்படுமோ என்ற ஐயத்தினால் மீனவர் மத்தியில் எதிர்ப்பு எழுந்தது. பருவந்தோறும் வேற்றூர்களிலிருந்து வந்து வாடி அமைத்துத் தொழில் செய்வோருக்கும் இவ்வையம் பொதுவாயிற்று. மறுபுறத்தில், இதே மீனவருட் சிலர் தம் படகுகளிற் பயணிகளை ஏற்றத் தலைப்பட்டனர். ஓங்கிற் கூட்டத்தைத் தொலைவிலேயே அடையாளங் காணும் கண்ணும், நீரின் நிறத்தைக் கொண்டு பாறையின் இருப்பை உணரும் அறிவும் அவர்களிடமே இருந்தன. முத்துக்குளிப்பின் காலத்திலும் பாரை அறிந்தவன் படகோட்டியே. பங்கை வகுத்தவன் வேறொருவன். இன்று மூன்றிலொரு பங்கு என்ற எழுதப்பட்ட விதி இல்லை. ஆயின், பயணி செலுத்தும் பணத்தில் விடுதிக்கும் முகவருக்கும் படகோட்டிக்கும் செல்லும் பங்குகள் யாவை என்னும் வினா அன்று போலவே இன்றும் உயிருடன் இருக்கின்றது.

இனி, நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு மீள்வோம். காட்சிப் பயணம் கடலிலிருந்து எதனையும் எடுப்பதில்லையா? பார் றீவ் என வரைபடங்களிற் குறிக்கப்படும் கற்பிட்டியின் முருகைக் கற்பாறைத் தொகுதி 1992 இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. ஏறத்தாழ 307 சதுர கிலோமீற்றர் கடற்பரப்பை அது உள்ளடக்கும். ஆறாண்டுகள் கழித்து, 1998 இல் இந்து சமுத்திரத்தின் நீர் வழமைக்கு மாறாக வெப்பமுற்றபோது, அதன் ஆழங்குறைந்த பகுதிகளிலிருந்த உயிருள்ள முருகைகள் ஏறக்குறைய முற்றாக வெளிறி மாண்டன. மெல்ல மெல்லத் துளிர்த்த அப்பாறைகளை 2016 இன் வெப்பம் மீண்டும் தாக்கியது. வெப்பத்தைப் பயணிகள் கொணரவில்லை. ஆயினும், நலிந்து மீளும் பாறையின்மேல் நங்கூரம் வீழ்வதும், கால் ஊன்றப்படுவதும், முருகை முறிவதும் அதன் மீட்சியைத் தாமதப்படுத்தும் என்பதில் ஐயமில்லை. நோயாளியின் படுக்கையைச் சூழ்ந்து நிற்கும் கூட்டத்துக்கு இதனை ஒப்பிடலாம். நோயை அவர்கள் தரவில்லை. ஆயின் காற்றை மறிக்கிறார்கள்.

ஓங்கிலைப் பொறுத்தமட்டில் எடுக்கப்படுவது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. சுழன்று பாயும் இவ்வினம் இரவில் ஆழ்நீரிலிருந்து மேலெழும் சிறு மீன்களையும் கணவாய்களையும் உண்டு, பகலில் ஓய்வெடுக்கும் இயல்புடையது. ஹவாய்த் தீவுகளில் 1970 களில் கெனத் நொறிஸ் முதலிய அறிஞர் நடத்திய ஆய்வுகள், இவை காலையில் அமைதியான குடாக்களுக்குட் புகுந்து, நெருங்கிய கூட்டமாய் மெதுவாக நீந்தியவாறே உறங்குவதைத் தெளிவுபடுத்தின. அக்குடாக்களிலேயே ஓங்கிலுடன் நீந்தும் அரைநாட் பயணங்கள் பெருந்தொழிலாக வளர்ந்தன. பயணியின் இன்பத்துக்குரிய காலைப்பொழுதே அவ்வுயிரின் உறக்கத்துக்குரிய பொழுதாயிருந்தது. ஈற்றில் 2021 இல் அமெரிக்க அரசாங்கம், ஹவாயின் பிரதான தீவுகளைச் சூழ்ந்த 2 கடல் மைல் எல்லைக்குள் இவ்வினத்துக்கு 50 யாருக்கு உட்பட்ட அண்மையில் நீந்துவதையும் படகு செலுத்துவதையும் தடைசெய்தது. இலங்கையிலும் கடற் பாலூட்டிகளைப் பார்வையிடுதல் தொடர்பான ஒழுங்குவிதிகள் 2012 இல் வெளியிடப்பட்டன. ஒரே கூட்டத்தைப் பல படகுகள் இயந்திர ஒலியுடன் சூழும்போது விதி தாளில் மட்டும் நின்றுவிடுகின்றது. எடுக்கப்படுவது உறக்கமாயின், அதனை எண்ணிக் கணக்கிட முத்துக் கச்சேரி போன்றதொரு கச்சேரி எங்கும் இல்லை.

குடியேற்றவாத ஆட்சி முத்துப் பார்களைச் சுரண்டியது என்பது வெளிப்படை. எனினும் அவ்வாட்சியின் நடைமுறையில் நாம் எண்ணிப் பார்க்கத்தக்க கூறொன்று உண்டு. பார்களை மேற்பார்வை செய்ய அதிகாரி ஒருவர் இருந்தார். சிப்பி முதிர்ந்ததா என மாதிரி எடுத்துப் பார்த்த பின்னரே குளிப்பு அறிவிக்கப்பட்டது. முதிராத ஆண்டுகளிற் கடல் மூடப்பட்டிருந்தது. பேராசை அவ்வொழுங்கை மீறிய வேளைகளிலேயே பார்கள் அழிவை நெருங்கின. வருமானத்துக்காகவேனும் கடலை மூடத் தெரிந்திருந்த ஒரு மரபு இக்கரையில் இருந்தது என்பதே இதன் பொருள். இன்றைய காட்சிக் கடலுக்கும் அத்தகைய மூடுநாள்கள் வேண்டும். எத்தனை படகுகள், எந்நேரம் வரை, எவ்வளவு தொலைவில் என்பதைக் கடலை அறிந்த படகோட்டிகளின் குரலோடு சேர்த்து வகுக்கும் ஒழுங்கும் வேண்டும். கரையை இழந்த மீனவன் காவலனாக இருக்கமாட்டான். கரையில் உரிமையும் வருவாயிற் பங்கும் உடையவன், நாளைய கூட்டம் நாளையும் வரவேண்டும் என்பதற்காகவே இன்று படகின் இயந்திரத்தை நிறுத்துவான்.

1798 இலும் 1905 இலும் கணக்கேடுகளை மகிழ்ச்சியோடு மூடிய அதிகாரிகளுக்கு, அவை இறுதிப் பக்கங்களை அண்மிக்கின்றன என்பது தெரிந்திருக்கவில்லை. நமக்கு அவ்வறியாமையைச் சாட்டாகக் கூறும் உரிமை இல்லை. அவர்களின் கணக்கேடு நம் கையில் இருக்கின்றது. வரலாற்றைக் கற்பதன் பயன், பழையவர் எங்கே தவறினர் எனக் கூறுவதோடு முடிவதன்று; கடல் நிறைந்திருப்பதாகத் தோன்றும் காலையிலேயே நண்பகலை எண்ணிப் பார்க்கக் கற்பதும் அதன் பயனேயாகும். கற்பிட்டிப் படகோட்டி நாள்தோறும் செய்வது அதுவே. காற்று எழுமுன் கரை திரும்ப அவனுக்குத் தெரியும்.